சத்தமில்லாமல் ஓடிய பாட்டுகள்

சிலிபின், ஈப்போ
புதன்கிழமை

எங்கள்மேல் கோபமாக இருக்கும் என் மகன் கோலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்று தொடங்கத்தான் எனக்குத் தோட்டத்துப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி எழுத முடியவில்லை. உன் அப்பா சுகமாக இல்லை. கூப்பிட்டால் உன் போன் அடிப்பதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. எங்கள் நம்பரையெல்லாம் நீ அடைத்துவிட்டாய் என்று ரூபன்தான் சொன்னான். அதனால் காகிதத்தில் எழுதி அவனிடமே கொடுத்துவிடுகிறேன். இன்று சாயந்திரம் லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போகிறானாம். உன் அறை வாசலுக்கு வந்து உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவன்மேல் எரிந்து விழாதே. பள்ளிக்கூடத்திலிருந்து உன் கூட்டாளி. உன்னிடமும் ஏச்சு வாங்குகிறான், என்னிடமும் ஏச்சு வாங்குகிறான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா டயாலிசிசுக்குப் போக மாட்டேன் என்கிறார். சனிக்கிழமை போகவில்லை. நேற்று செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. சென்டர் வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது, இவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே சாய்ந்து கிடக்கிறார். சென்டர் நர்ஸ் மிஸ்ஸி கலாதேவி நேற்று வேலை முடிந்து வீட்டுக்கே வந்து பார்த்தாள். என்னை வெளியே கூப்பிட்டு, "ஆன்ட்டி, வியாழக்கிழமையும் வரலைன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. தண்ணி நெஞ்சுக்கு ஏறிடும்" என்றாள். ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். உன் அப்பாவுக்கு மற்றது எல்லாம் போனாலும் காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. உள்ளேயிருந்தே, "எனக்குப் புத்தி தெளிவா இருக்கு. கையெழுத்துப் போட மாட்டேன். யாரும் என்னைத் தூக்கிட்டுப் போக முடியாது" என்றார்.

ஏன் என்று கேட்காமலா இருப்பேன்? "அந்த நாற்காலியில போய் உட்கார எனக்கு மாலுலா, பெல்லா" என்கிறார். வெட்கமாம். சாவதற்கு வெட்கமில்லை, உட்கார வெட்கம்.

நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். யாரோ ஒரே இடத்திலிருந்து உன் பாட்டுகளைப் பொய்யாக ஓட்டியிருக்கிறார்கள் என்று, நீ பாட்டு ஏற்றுகிற ஆப் கம்பெனி உனக்கு மெயில் போட்டது. அது அப்பா செய்தது என்று ரூபன் உன்னிடம் சொன்னான். எப்படிச் செய்தார், எதற்குச் செய்தார் என்று நீ கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் நீ இல்லை. இப்போது கேள்.

கிறிஸ்துமசுக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், பாட்டு நன்றாக இருந்தால் போதாதும்மா, எத்தனை பேர் கேட்டார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள் என்று. சும்மா புலம்பலாகத்தான் சொன்னாய். அப்பா அதைக் கோழிக்கறியோடு சேர்த்து விழுங்கிவிட்டார். அவருடைய புத்தி இன்னும் ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்தில்தான் இருக்கிறது. நாங்கள் பால்மரம் வெட்டிய காலத்தில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டால், பக்கத்து மர நிரைக்காரன் அவன் மரங்களையும் சேர்த்து வெட்டிக் கொடுப்பான். ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது யார் கை வெட்டியது என்று எவரும் கேட்டதில்லை. எடை இருந்தால் போதும். பாட்டுக் கேட்பதும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். மகன் நிரை முடியாமல் தனியாகக் கிடக்கிறான், நாலு பேர் கை கொடுத்தால் முடிந்துவிடும் என்று.

கை கொடுக்க ஆள் எங்கே இருக்கிறது? சென்டரில் இருக்கிறது. அங்கே ஒவ்வொருவரும் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டபடி கூரையைப் பார்த்துக் கிடக்கிறார்கள். எல்லாரிடமும் போன் இருக்கிறது, சென்டரில் வைஃபை இருக்கிறது. அப்பா சீக்கிரமாகவே போய், ஒவ்வொரு நாற்காலியாக நின்று, உன் பாட்டுகளைத் திறந்து திரும்பத் திரும்ப ஓடும்படி அமுக்கிவிடுவார். அங்கே சத்தம் வைக்கக் கூடாது. அதனால் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னார். நம் தோட்டத்திலேயே எதிர் லயத்து வீட்டில் இருந்த பத்துமலை அண்ணன், மகளுடைய பழைய போனையும் சேர்த்து இரண்டாகக் கொண்டுவந்தாராம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத பக்கத்து நாற்காலிச் சீன அங்கிள்கூட, உன் மகன்தானே, கொண்டா என்று வாங்கி வைத்துக்கொண்டார். எண்ணிக்கை ஏற ஏற அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஊசி குத்தும்போதுகூடச் சிரித்தார் மனுஷன். என்னை மட்டும் விட்டாரா? என் போன் அரிசி டின் மேல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்கு எங்கள் பாசமெல்லாம் தெரியுமா? ஒரே கூரைக்கு அடியில் இத்தனை போன், ஒன்றிலும் சத்தமில்லை, திருட்டு வேலை என்று முடிவுகட்டிவிட்டது. அத்தனை பாட்டையும் எடுத்துவிட்டது, உன் கணக்கையும் மூடிவிட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வேர்க்க வேர்க்க நீ பதிவு செய்த பாட்டுகள். மேடையில் பாடக் கூப்பிட்டவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். காசு கொடுத்து எண்ணிக்கை வாங்கினவன் என்று உன்னோடு பாடுகிறவர்களே பேசினார்களாம். வேறு இடத்தில் ஏற்றலாமே என்று ரூபனிடம் கேட்டேன். "பாட்டு இருக்கு ஆன்ட்டி, பேருதான் போச்சு" என்றான். நான் பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொல்லக் கேட்டு என் வயிறு பற்றி எரிகிறது. பற்ற வைத்ததும் நாங்கள்தான், அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

போன புதன்கிழமை நீ கூப்பிட்டபோது நாங்கள் இரண்டு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நீ கத்துவாய் என்று அப்பா தயாராக இருந்தார். நீ கத்தவில்லை. "அத்தனை போன்ல ஓட்டினீங்களே, ஒரு பாட்டாவது நீங்க கேட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன், நானும்தான் கேட்கவில்லை. நீ வைத்துவிட்டாய்.

அன்றைக்கே ரூபனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதச் சொன்னார். என் மகனுக்கு ஒன்றும் தெரியாது, செய்தது நான், தண்டனையை எனக்குக் கொடுங்கள் என்று. தன் ஐசி அடையாள அட்டை நகலையும் சேர்த்து அனுப்பினார், போலீஸ் ஸ்டேஷனில் சரணடைகிறது மாதிரி. உங்கள் கருத்துக்கு நன்றி என்று உடனே ஒரு பதில் வந்தது. அது மெஷின் போடுகிற பதில் என்று ரூபன் சொன்னான். அப்பா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

மறுநாள் சென்டரில் பத்துமலை அண்ணன், "என்னா டொமினிக், தம்பி பாட்டு போன்ல வரவே மாட்டேங்குது?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நாம் ஓட்டினதால்தான் போய்விட்டது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். மிஸ்ஸிதான் சொன்னாள். சீன அங்கிள் எழுந்திருக்க முடியாமல் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாராம். அதற்குப் பிறகுதான் இவர் போவதை நிறுத்தினார்.

மற்றபடி இங்கே சர்ச்சில் திருநாளுக்குக் கொடி ஏற்றிவிட்டார்கள். உன் இடத்தில் ஜெரமி கிட்டார் வாசிக்கிறான். பாட்டு ஒரு பக்கம் போகிறது, அவன் ஒரு பக்கம் போகிறான். ஃபாதர் உன்னை விசாரித்தார். வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், ரூபனுடைய லோரி எதிரே நின்றது. உன் பாட்டுகளைப் போட்டு நீ எப்போதோ கொடுத்த பென்டிரைவ் அதிலேயே செருகிக் கிடக்கிறதாம். ஏறி உட்கார்ந்தேன். பூசைக்குக் கட்டின சேலையோடு லோரியில் ஏறியதைப் பார்த்து சர்ச் வாசலில் நின்ற புஷ்பலதா வாயைப் பிளந்தாள், பிளக்கட்டும். சத்தத்தை ஏற்றி வை என்றேன். எல்லாவற்றையும் கேட்டேன் தம்பி.

உள்ளதைச் சொல்கிறேன், முதல் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினது போல இருக்கிறது. "அதுதான் ஸ்டைல் ஆன்ட்டி" என்றான் ரூபன். இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவதில் ஒரு பெண்ணிடம் கெஞ்சுகிறாய், யார் அவள் என்று பிறகு விசாரித்துக்கொள்கிறேன். மூன்றும் நாலும் நன்றாக இருக்கின்றன, வார்த்தைதான் பாதி பிடிபடவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாவது பாட்டு வந்தது.

அது உன் அப்பா. நீ பேர் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து தூங்கும் ஓர் ஆள், அவர் ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறது என்று பாடுகிறாய். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாமல் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, மிட்டாய் தின்கிறேன் என்று மகனிடம் பொய் சொல்கிறார் என்று பாடுகிறாய். அதை நீ கவனித்தாய் என்பதே எனக்குத் தெரியாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ரூபன் இறங்கிப் போய்த் தூரத்தில் நின்றுகொண்டான்.

நீ கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன்னைப் பற்றின பாட்டை அந்த மனுஷன் தன் தலைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, அத்தனை நாற்காலியிலும் ஓடவிட்டு, ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர் கூப்பிட்டு, கேட்டேன்டா என்று சொல்வார் என்று நீ கிறிஸ்துமசிலிருந்து காத்திருந்தாய், இல்லையா? திருடன் என்ற பேரைவிட இதுதான் உன்னைக் கொன்றுவிட்டது.

அந்தப் பாட்டை ரூபன் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து, போடுகிறேன் கேளுங்கள் என்றேன். என் கையைத் தள்ளிவிட்டார். "அவன் சொல்லாம நான் கேக்க மாட்டேன். எந்த மூஞ்சை வச்சிக்கிட்டுக் கேக்கறது?" என்றார். உங்களைப் பற்றித்தான் பாடியிருக்கிறான் என்று சொல்லியும் பார்த்தேன். நம்பவில்லை. "என்னைச் சமாதானப்படுத்த எதையாவது சொல்லாதே பெல்லா. பாட்டுல வைக்கிற மாதிரி நான் அவனுக்கு என்னா செஞ்சிட்டேன்?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, கோலின். பேசுவதை நிறுத்துகிற புத்தி உனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. அங்கே நீ பேசுவதில்லை, இங்கே இவர் பேசுவதில்லை, நடுவில் நான் ஒருத்தி அடுப்போடும் சுவரோடும் பேசிக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே சாப்பிடுகிறாயா, வேலைக்குப் போகிறாயா, அந்த அறைக்குள் தனியாக என்ன செய்கிறாய் என்று நினைத்தால் எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் இவர் மூச்சு இழுக்கிற சத்தம். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. தோட்டத்தை விட்டுச் சாமான்களோடு தெருவில் நின்ற அன்றைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்ல வேண்டாம். மனதில் இல்லாததைச் சொன்னால் உன் குரலிலேயே அவர் கண்டுபிடித்துவிடுவார். திட்டு. என் உழைப்பைக் கெடுத்தீர்கள், என் பேரைக் கெடுத்தீர்கள் என்று உனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையிலும் திட்டு. நீ திட்டாமல் போனை வைத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டி முடித்த பிறகு, போய் அந்த நாற்காலியில் உட்காருங்கள், உட்கார்ந்து ஐந்தாவது பாட்டைக் கேளுங்கள் என்று சொல். நான் சொன்னால் நடக்காதது, பத்துமலை அண்ணன் கெஞ்சினால் நடக்காதது, நீ சொன்னால் நடக்கும். காதில் மாட்டுகிற ஒன்றை மிஸ்ஸி கலாதேவியே தருகிறேன் என்றிருக்கிறாள்.

நாளைக் காலை வேன் வரும். அதற்கு முன்னால் கூப்பிட வேண்டும். அவர் போனைச் சார்ஜ் ஏற்றி அவர் மடியிலேயே வைத்திருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ஒவ்வொரு தடவை அது அடிக்கும்போதும் குனிந்து பேரைப் பார்க்கிறார், திரும்பவும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். உன் தொண்டைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன்.

உன்னைப் பெற்றவள்,
இசபெல்லா

நீ படித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகரக் கூடாது என்று ரூபனிடம் சொல்லியிருக்கிறேன். அழுவதாக இருந்தால் அப்புறம் அழு. முதலில் அப்பாவைக் கூப்பிடு.