மழைக்குக் கட்டிக்கொடுத்த பெண்

நேற்று பந்தல்குடி டீக்கடையில் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்தில் வந்து நின்ற லோடு வண்டியிலிருந்து ஒரு வாடை. விட்டையும் ஈரச் சாக்கும் கலந்த கழுதை வாடை. நீ வடக்கே போய்த் திரும்பிய அன்று உன் சட்டையில் இருந்த அதே வாடை. நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது. மூக்குக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

உன் லோடு வண்டியில் என் தறிகளுக்கு நூல் மூட்டை ஏற்றிவந்த நாளிலிருந்து நாம் கேலி பேசாமல் பிரிந்ததில்லை. வானம் பொய்த்த அந்த வருஷம் உங்கள் ஊரில் மழை வேண்டிக் கழுதைக் கல்யாணம் வைத்தபோதும் சிரிக்கத்தான் வந்தேன். செங்கல் சூளைகளுக்கு டிராக்டர் வந்ததும் அவிழ்த்துவிடப்பட்டு, கருவேலங்காட்டில் பெருகித் திரிந்த கழுதைக் கூட்டத்திலிருந்து ஒரு ஜோடியைப் பிடித்து வந்திருந்தார்கள். பெண் வீட்டுக்காரராக நிற்க யாரும் முன்வரவில்லை. பிள்ளை இல்லாத நீ போய் நின்றாய். தாரை வார்க்கையில் உன் கண் கலங்கியது.

"சம்பந்தி, சீரு என்ன செய்யப்போறீக?" என்றேன்.

"போலே. வெளாட்டுக்குன்னாலும் கட்டிக் குடுத்தா குடுத்ததுதான்" என்றாய்.

மழை பெய்தது. பருத்தியும் எழுந்தது. குலவையிட்ட அதே வாய்கள், கழுதைகள் பயிரை மேய்கின்றன என்று திட்ட ஆரம்பித்தன. இறைச்சிக்கு வாங்கும் ஆந்திராக்காரன் வந்தபோது, ஊர்கூடி மொத்தக் கூட்டத்தையும் ஏற்றிவிட்டது. நீ தூத்துக்குடிக்கு லோடு போயிருந்தாய். திரும்பி வந்து, "பொண்ணையுமா ஏத்துனீக?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாயாம். வீட்டுக்குள்கூடப் போகாமல் வண்டியை வடக்கே திருப்பினாய்.

வெறும் வண்டியோடு வந்து என் தறிக்கூடத்து வாசலில் உட்கார்ந்தாய். தறிச் சத்தத்தை நிறுத்தச் சொன்னாய்.

"அங்க பெரிய பட்டி ஒண்ணு இருக்குலே. எல்லாம் அறுப்புக்கு நிக்கிது. நெறையக் கழுத்துல மஞ்சக்கயிறு கெடக்கு. எல்லா ஊருலயும் நம்மள மாதிரியேதான் செஞ்சிருக்காக. எது நம்ம புள்ளைன்னு எனக்குத் தெரியலலே."

பிறகு சொன்னாய்: "ஒண்ணுகூடக் கத்தல. என்னையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

அதற்குப் பிறகு நீ சிரித்தாலும் பாதியில் நிறுத்தி, எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்ப்பாய். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். உன்னிடம் சொன்னதில்லை.

நேற்றைய வண்டியில் இரண்டு கழுதைகள் நின்றன. ஓட்டி வந்தவன் தெலுங்குக்காரன். எங்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் பேச்சுக் கொடுத்தேன். எங்கே போகிறாய் என்றதற்கு உன் ஊர்ப் பெயரைச் சொன்னான். அங்கே மறுபடியும் மழைக் கல்யாணம். இந்தப் பக்கம் கழுதையே மிஞ்சவில்லை என்பதால் அவன் முதலாளி இந்த ஜோடியை மட்டும் அறுக்காமல் வைத்து, கேட்கிற ஊர்களுக்கு அனுப்புகிறாராம்.

"மழை பெய்துவிட்டால்?" என்று கேட்டேன்.

"அப்புறம் யார் கூப்பிடப்போகிறார்கள்? இதுகளும் அறுப்புக்குத்தான்."

பெட்டையின் கழுத்தைப் பார்த்தேன். கயிறு மாற்றி மாற்றிக் கட்டி, ரோமம் தேய்ந்து வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது. உன் பெண்ணா இல்லையா என்று உனக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் விட்டுவிடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். முதலாளி சொத்து, என் கையில் இல்லை என்றான். வண்டிக்குப் பின்னாலேயே உன் ஊருக்குப் போனேன்.

"பொண்ணு வீட்டுக்கு யாருப்பா நிக்கிறது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். யாரும் அசையவில்லை. நீ நின்ற இடத்தில் நான் போய் நின்றேன். மேளம் காதைப் பிளந்தது. கழுதைகள் மிரளவில்லை, கத்தவில்லை. காதைக்கூட ஆட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பட்டியில் நீ கண்ட பார்வை இதுதான் என்று தெரிந்தது.

தென்மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஊரே கைகூப்பி, "பெய்யி சாமி, பெய்யி சாமி" என்றது. பக்கத்தில் நின்றவள் இடுப்புப் பிள்ளையின் கைகளையும் சேர்த்துக் கூப்பினாள். குடிதண்ணீருக்கே அல்லாடுகிற சனம். அவர்கள் நடுவில் நின்றுகொண்டு, பெய்யாதே, பெய்யாதே என்று நான் வேண்டினேன்.

தாரை வார்த்த என் புறங்கையில் முதல் துளி விழுந்தது. குலவைச் சத்தம் எழுந்தது. வண்டிக்காரன் பின்பலகையை இறக்கினான். யாரும் இழுக்கவில்லை. இரண்டும் மாலையோடு தாமாகவே ஏறிக்கொண்டன.

இன்று காலையிலும் இங்கே அருப்புக்கோட்டையில் நல்ல மழை. தெருவே சிரித்துக்கொண்டிருக்கிறது. அறுப்புக்கு இன்னும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பெண்ணைக் கொடுத்தவன் நான். நின்னுரு சாமி, நின்னுரு என்று வாய் தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது.