பக்கத்து சீட்டுக்காரி

மார்ச் 3, செவ்வாய்

கழுதை தகுதிச் சோதனையில் தேறவில்லை. அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டதாம். மாதக் கடைசி வரை ஓட்டலாம், அதோடு சரி. பதினேழு வருடம் உழைத்த கார். மகள் பிறந்த மூன்றாம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அதில்தான்.

சோதனைச் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு அவர் துக்கம் விசாரிக்க வந்தவர் போல உட்கார்ந்தார். முகத்தில்தான் துக்கம், கண்ணில் கல்யாணக் களை. "பாவம்ல?" என்றார். "ரொம்பப் பாவம். கக்கத்துல என்ன வச்சிருக்கீங்க?" என்றேன். இரண்டு கார்களின் படப் புத்தகங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். இரண்டு காரும் ஆள் உயரம். இரண்டும் நாலரை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுமாம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்கும், ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அட்டவணை போடுகிறவளுக்கும், பதினாறு வயதுப் பெண்ணுக்கும் எதற்கு நாலரை விநாடி?

"குடும்பத்துக்குத்தானே," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மார்ச் 7, சனி

கார் ஷோரூம். துணிக்கூடை, அளவு நாடா, மகள் மூன்றையும் கொண்டுபோனேன். விற்பனைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு என் கூடையையே பார்த்தார். என்ன செய்ய, குதிரைத்திறன் கணக்கு அவருக்கு, கூடை கணக்கு எனக்கு.

சிவப்பு: எஞ்சினை முடுக்கினால் வயிற்றுக்குள் உறுமுகிறது. பின்சீட்டின் நடுவில் மேடு, காலை எங்கே வைப்பது? டிக்கியில் கூடை படுத்தால்தான் போகிறது. நம் வீட்டு கேட்டுக்குள் நுழைய இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்க வேண்டும்.

சாம்பல்: சத்தமே இல்லை. கூடை நின்றுகொண்டே போகிறது. கேட்டுக்குள்ளும் ஒழுங்காக நுழையும். பார்த்தால் ஏதோ வங்கி மேலாளர் போல இருக்கிறது.

மகள் கேட்டது ஒரே கேள்வி. "அங்கிள், இதுல வாந்தி எடுத்தா சீக்கிரம் துடைக்க முடியுமா?" வளைவான ரோடு அவளுக்கு ஆகாது. ரேலி கார்ப் பந்தயம் ஓட்டினவர்களுக்குப் பிறந்த பிள்ளை!

அவர் சிவப்பு காரை விட்டு இறங்கவே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

அலமாரி மேல்தட்டில் அளவு நாடாவைத் திருப்பி வைக்கப் போனவள், எங்கள் பழைய பந்தய நோட்டை எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகிறது. அட்டையில் இன்னும் சேற்றுக் கறை.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு குட்டி நீலக் கார். மேட்டில் ஏறினால் எம்பிக் குதிக்கும், அதனால் தவளை. பந்தயத்துக்கு முன்னால் பாதை முழுக்க மெதுவாகப் போவோம். அவர் ஒவ்வொரு வளைவையும் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பந்தயத்தன்று நான் வாசிப்பேன், அவர் ஓட்டுவார். வளைவுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண். ஒன்று என்றால் முழங்கை மடிப்பு, ஆறு என்றால் வளைவென்றே சொல்ல முடியாது. 'இடது மூணு, இறுகுது' என்றால் உள்ளே போகப் போக இன்னும் மடங்கும். 'வெட்டாதே' என்றால் உள் ஓரத்தில் கல் இருக்கிறது.

வாழ்க்கையில் நான் அவரை ஒருமையில் விளித்தது அந்த நோட்டில் மட்டும்தான். 'வெட்டாதீங்க' என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் கல்லில் ஏறிவிடுவோம். அவருக்கு இன்னொரு கெட்ட பழக்கம், வளைவுகளில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். முகமெல்லாம் கத்தரிக்காய் நிறமாகிவிடும். அதனால் 'நேர் நூறு' என்று, நூறு மீட்டர் நேர்ப்பாதை வருகிற இடத்திலெல்லாம், கூடவே எழுதி வைத்திருக்கிறேன்: 'மூச்சு விடு.'

நீர்த்தேக்க ரோட்டுப் பந்தயத்தில் பள்ளத்தில் போய் விழுந்து, இழுவை வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் கேட்டார். "ஆயுசு பூரா பக்கத்துல உட்கார்ந்து இப்படியே சொல்லிக்கிட்டு வர்றியா?"

"சொன்னா கேட்பீங்களா?"

அப்புறம் மகள் வயிற்றில் வந்தாள். தவளையை விற்றோம், கழுதையை வாங்கினோம். நான் அழுதேன், அவர் அழவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில், தவளையின் நம்பரை அவர் கையெழுத்தில் எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறது. இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 11, புதன்

இரண்டு ஆபரேஷன் தள்ளிப்போய் அட்டவணை முழுக்கக் குளறுபடி. மனசெல்லாம் சிவப்பு.

மார்ச் 14, சனி

ஓட்டிப் பார்த்தோம், சிவப்பை. நீர்த்தேக்க ரோட்டிலேயே! அவர் ஓட்ட, நான் பக்கத்தில், மகளும் மீசைக்காரரும் பின்னால். முதல் வளைவில் என் வாய் தானாகத் திறந்தது. "இடது நாலு. வலது ரெண்டு, இறுகுது. சைக்கிள், இடது ஓரம்." நோட்டே வேண்டியிருக்கவில்லை. கார் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி அவரைப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார், முன்பு சிரித்த அதே கோணல் சிரிப்பு. அந்த நிமிடம் எனக்கு இருபத்து நான்கு வயது. கூடையாவது ஒன்றாவது. துணியை மூட்டை கட்டிக்கொண்டு போகிறேன்.

மகள் இறங்கிப் புல்தரையில் ஐந்து நிமிடம் குனிந்து நின்றாள். பாவம்.

மார்ச் 15, ஞாயிறு

"அம்மா, நீ ஏன் எப்பவும் அப்பாவுக்கு ரோடு சொல்லிக்கிட்டே வர்ற? கடைக்குப் போனாக்கூட?" என்று மகள் கேட்டாள்.

எப்பவுமா? அப்படியா செய்கிறேன்?

மார்ச் 17, செவ்வாய்

சாம்பலையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவது நியாயம் என்று அவரைத் தனியாக அனுப்பினேன், எனக்கு வேலை இருந்தது. பஸ்ஸில் போனார். மாலையில் வந்தவர் சட்டை மாற்றாமலே உட்கார்ந்திருந்தார். "சாம்பல் வேணாம். ஸ்டியரிங் சரியில்ல."

பிறகு மீசைக்காரர் போன் செய்தார். "ஒண்ணுமில்லை மேடம், கதவுல சின்னக் கீறல்தான். சார் தூணைக் கவனிக்கலை." எந்தத் தூண் என்றேன். ஷோரூம் வாசலில் மஞ்சள் பெயின்ட் அடித்த தூண். யானை நின்றால் தெரிவது போலத் தெரியும்.

கிண்டல் செய்யலாம் என்று போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் காபி மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 18, புதன்

கடைக்குப் போகலாம் என்று அவரைக் கழுதையில் ஏற்றினேன். போகிற வழியில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். தெரு முனையில் வேகத்தைக் குறைத்தார். ரோடு காலி. அப்படியும் போகவில்லை.

"சொல்லு."

"என்ன சொல்ல?"

"ஒண்ணுமில்ல."

அடுத்த திருப்பத்தில் இடப்பக்கம் சைக்கிளில் ஒரு பெண். முன்கூடையில் ரொட்டி. அவர் திருப்பிக்கொண்டே இருக்கிறார் — பார்க்கவில்லை, பார்க்கவே இல்லை — நான் கத்தினேன். நிறுத்திவிட்டார். ஒரு சாண். அந்தப் பெண் திட்டிக்கொண்டே போய்விட்டாள்.

ஓரத்தில் நிறுத்தியபிறகு சொன்னார். ஒரு வருஷமாக இப்படித்தானாம். "ஓரமெல்லாம் புகை மாதிரி இருக்கு. நேரா எல்லாம் தெரியுது. நீ சொல்லிக்கிட்டே வர்றியா... சமாளிச்சுட்டேன்."

சமாளிச்சாராம்! பின்னாடி எம்பொண்ணு உட்கார்ந்திருந்தாளே, அந்த வளைவுல, அந்த வேகத்துல! கண்டபடி திட்டினேன். வேலைக்கு கம்பெனி வேனில் போகிறார், அதை ஓட்டுவது வேறு ஆள். இந்தக் காரில் நானில்லாமல் அவர் எங்கும் போவதில்லை, சோதனைக்குக்கூட மெக்கானிக்தான் வந்து எடுத்துப்போனார், அதைக்கூட நான் கவனிக்கலை. என் வாய்தான் அவருக்குக் கண்ணா இருந்திருக்கு. எனக்கே தெரியாம நான்தான் மறைச்சிருக்கேன்.

வீட்டுக்கு நான் ஓட்டிவந்தேன்.

மார்ச் 23, திங்கள்

கண் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பழுதாகியிருக்கிறது. போன ஓரம் திரும்பாது. சொட்டுமருந்து ஒழுங்காக விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, படிக்கலாம், எழுதலாம்.

"இனிமே ஓட்டக் கூடாது," என்றார் டாக்டர்.

"மெதுவாக்கூடவா?" என்று அவர் கேட்டார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தன் சாவியை எடுத்து, ஆணியில் மாட்டாமல், என் கையில் கொடுத்தார்.

மார்ச் 26, வியாழன்

படப் புத்தகங்கள் பழைய பேப்பர் கட்டில் கிடக்கின்றன. "உனக்கு வசதியா சின்னதா ஏதாவது வாங்கிக்க," என்கிறார். உனக்கு! ஆஸ்பத்திரியில் கால் போனவர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் எல்லாவற்றையும் கைகழுவினதில்லை. கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 28, சனி

மீசைக்காரரிடம் தனியாகப் போனேன். "சார் வரலையா மேடம்?" "ஓட்டப் போறது நான்தான்."

ஓட்டுகிறவள் மாறினால் கேள்வியே மாறிவிடுகிறது. சிவப்பில் உட்கார்ந்தால் கார் மூக்கு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. சாம்பலில் நாலு மூலையும் தெரிகிறது, ரோடு உள்ளங்கையில் இருப்பது போல. வங்கி மேலாளர் என்று நினைத்து ஏமாந்திருந்தேன். மிதித்தேன். அம்மாடி! மீசைக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் காரே வேணும்," என்றேன்.

"இது ஓட்டிக் காட்டுற வண்டி மேடம். கதவுல கீறல் வேற..."

"அது எங்க வீட்டுக் கீறல்."

ஏப்ரல் 5, ஞாயிறு

கழுதை போய்விட்டது. சாம்பல் கேட்டுக்குள் நுழைந்தது. அவர் கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 13, திங்கள்

எங்கே போனாலும் பின்சீட்டில் ஏறுகிறார், மகள் முன்னால். பார்சல் மாதிரி உட்கார்ந்து வருகிறார். காலையும் மாலையும் நான்தான் சொட்டு விடுகிறேன், அப்போது மட்டும் முகத்தைக் காட்டுகிறார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மகளிடம் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் முதலில் ஏறி, பின்சீட்டில் குறுக்காகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். "இங்க இடமில்லப்பா." வேறு வழியில்லாமல் முன்னால் வந்தார். சீட்டில் அந்த நோட்டு.

"என்ன இது?"

"நடுப்பார்வை நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னார்ல? வாசிங்க."

நீர்த்தேக்க ரோடு. இவ்வளவு மோசமான வாசிப்பாளரை எந்த ரேலியும் பார்த்திருக்காது. வளைவுக்குள் நுழைந்தபிறகு "வலது ரெண்டு" என்கிறார். "சீக்கிரம் சொல்லுங்க!" என்று கத்தினேன். "உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, நான் என்ன பண்ண?" என்று அவரும் கத்தினார். பின்னால் மகள் சிரிக்கிறாள், வாந்தி இல்லை. ஐந்தாவது வளைவில் பிடிபட்டுவிட்டது. "இடது மூணு, இறுகுது. வெட்டாதே." சொன்ன இடத்தில் இறுகியது. வெட்டவில்லை. "வலது நாலு. மேடு." நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெரித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் விழுந்த அந்தப் பள்ளத்தையும் தாண்டிவிட்டோம்.

பக்கத்தைப் புரட்டினார்.

"நேர் இருநூறு," என்றார். பிறகு நோட்டைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, "மூச்சு விடு."

விட்டேன்.