மடித்த விளிம்பு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

"ஒரு அலமாரி வாங்கவாடி டாக்டருக்குப் படிச்ச?" என்று போனில் கேட்டாயே, விஷயத்தைக் கேள். உன் முழங்கால் வலி தேவலையா?

ஆஸ்பத்திரியில் புண் கட்டும் துணிகளை வைக்க இரண்டு அலமாரிகளைப் பயன்படுத்திப் பார்க்கிறோம். பெரிய டாக்டருக்குப் பளபளக்கும் தகரத் தட்டு வைத்த அலமாரி பிடித்துவிட்டது. எனக்குக் கம்பித் தட்டு வைத்தது. அதில் தட்டின் உயரத்தை மாற்றலாம், முக்காலி போட்டு ஏற வேண்டாம். நேற்று முக்காலியில் லேசாகச் சறுக்கினேன். கணுக்கால்தான், நடக்கிறேன்.

விளிம்பு மடித்த பாத்திரத்தை நீ வாங்கமாட்டாய், மடிப்பில் அழுக்கு தங்கும் என்பாய். அந்த நினைவில் தகரத் தட்டின் மடிப்புக்குள் விரலை விட்டேன்.

"மேடம், அலமாரி பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?" என்றார் அலமாரிகளைக் கொண்டுவந்த விற்பனையாளர். விரல் கறுப்பாக வந்தது. அந்த அழுக்கு நோயாளியின் புண்ணுக்கல்லவா போகும்! நல்லவேளை, நீ சொல்லி வைத்திருந்தாய். நாளை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கேட்பாரோ மாட்டாரோ.

உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு, தூசி துடைக்கத்தான். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. வார்டில் கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்.

மறுநாள் சேர்த்தது: டாக்டர் தானே விரலை விட்டுப் பார்த்தார். கம்பித் தட்டையே வாங்கச் சொல்லிவிட்டார்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்க அம்மா."

"அவங்களும் டாக்டரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.