அழித்துவிட்ட கால்

செவ்வாய், நவம்பர் 12

பழைய இசைத்தட்டுகளில இருக்கிற இரைச்சலை எடுக்கிறதுதான் என்ர வேலை. இன்றைக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின்ர ப்ளூஸ் இசையின்ர ஆரம்பகாலக் கிட்டார்காரர் ஒருவரின்ர பாட்டைத் துப்புரவாக்கி முடிச்சன். அவருக்குப் படமும் இல்லை, கல்லறையும் இல்லை. இந்த ஒரு தட்டுத்தான் மிச்சம்.

லண்டன் லூயிஷாமில ரயிலால இறங்கி வீட்டை வந்த கையோட என்ர மனுசிக்குப் போட்டுக் காட்டினன். மிருதங்கம் படிப்பிக்கிறவள், முதலில இரைச்சலோட இருந்த பழையதைக் கேட்டாள். தொடையில தாளம் போட்டாள். நான் துப்புரவாக்கின புதியதில அவளின்ர கை தடுமாறி நின்றுபோச்சு.

"அந்தாளின்ர கால் எங்கையப்பா?"

நிலப்பலகையில காலால தட்டித்தான் அந்த மனுசன் தாளம் வைச்சிருக்கிறார். நான் அதை இசைத்தட்டின்ர கீறல் எண்டு நினைச்சு, பெரிய கெட்டிக்காரன் மாதிரி முழுக்க அழிச்சுப்போட்டன்.

அவரின்ர உடம்பில உலகத்துக்கு மிஞ்சிக் கிடந்ததே அந்தச் சத்தம்தான்.

நாளைக்கு முதலில இருந்து தொடங்கவேணும். இரைச்சல் கிடந்தால் கிடக்கட்டும்.