கொட்டகைச் சேலை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே காற்று. முற்றம் கூட்டியது வீண். கொடியில் கிடந்த துணியெல்லாம் புழுதி.

நாளைக்கு ஐந்து மணி பஸ். கொடைக்கானல். நானும் இவரும் மட்டும், இரண்டு ராத்திரி. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் சேர்ந்து போன தூரம் பக்கத்து ஊரான சிக்கலில் மருந்துக்கடை வரைதான். மிளகாய் எடுத்து முடிந்தது, உழவுக்கு நாள் கிடக்கிறது. இப்போது போகாவிட்டால் பேரன் எடுத்த பிறகுதான் என்று இவரே ரூம் போட்டுவிட்டார். இவரா!

பிள்ளைகள் ராணி அக்கா பொறுப்பு. இவருடைய அண்ணன் மனைவி, பக்கத்து வீடு. அண்ணன் துபாயில். அக்காவிடம் சொல்ல வேண்டியவை:

– கவின் (3 வயது): இட்லிக்குச் சீனி மட்டும். சட்னி வைத்தால் தட்டு பறக்கும்.
– யாழினி (6): ஸ்கூல் வேன் 8.15. தலைக்கு எண்ணெய் வைத்தால் அழுவாள். வைக்காவிட்டால் டீச்சர் திட்டுவார். வைத்துவிடவும்.
– வெள்ளைக்கோழி கூட்டுக்கு வராது. முருங்கையில் ஏறிக்கொள்ளும். விட்டுவிடலாம்.
– செவலை.

செவலைதான் கவலை. சித்திரையில் கன்று செத்ததிலிருந்து என் ஒருத்திக்குத்தான் பால் விடுகிறாள். வேறு யார் உட்கார்ந்தாலும் எக்கிக்கொள்வாள். மடி நிறைய இருக்கும், காம்பில் சொட்டு வராது. இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. தினமும் கறக்கிறவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மாட்டை ஏமாற்றிவிடலாம்.

கொட்டகைக்கென்று ஒரு பச்சைச் சேலை வைத்திருக்கிறேன். ஆணியில் தொங்குவது. அதை எடுத்துப் பார்த்தால் எனக்கே குமட்டியது. சாணி, பால், என் வேர்வை. அக்காவோ கழுவின குடத்தையே மூன்று தரம் கழுவுகிறவர். "இதையா கட்டுற நீ?" என்று ஒரு பார்வை பார்ப்பார், அது போதும் எனக்கு வருஷம் முழுக்க.

மத்தியானம் ஊறவைத்தேன். இரண்டு சோப்பு. வாசனைத் திரவம் இரண்டு மூடி ஊற்றி அலசினேன். காய்ந்ததும் மடித்து அக்காவிடம் கொடுத்தேன். கல்யாண வீட்டுக்கே கட்டிக்கொண்டு போகலாம். இனி யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஜூலை 8, செவ்வாய். கொடைக்கானல்

மூன்றரைக்கு எழுந்து நைட்டியோடு போய்ச் செவலையைக் கறந்துவிட்டுக் கிளம்பினேன். கவின் தூக்கம். யாழினி முழித்துக்கொண்டாள். அழவில்லை. வாசலில் நின்று கை ஆட்டினாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழாத பிள்ளையை என்ன செய்ய?

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினதும் எனக்கு வாந்தி. நாலு தரம். இவர் எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் பிடித்துக்கொண்டே வந்தார். முன் சீட்டுக்காரர், "புதுசா கல்யாணம் ஆனவுகளா?" என்றார். இவர் வெட்கமில்லாமல், "ஆமா" என்றார்.

குளிர். எங்கள் ஊரில் இந்நேரம் அனல் காற்று, இங்கே வாயைத் திறந்தால் புகை. ரோட்டோரக் கடையில் எனக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினார். நான் கேட்கவே இல்லை.

டீ குடித்தோம். பேச ஒன்றுமில்லை! வீட்டில் பேச நேரமில்லை என்று எத்தனை சண்டை. இங்கே மலையைப் பார்த்து உட்கார்ந்து, "கவின் இந்நேரம் தூங்கியிருப்பான்." "ம்." "கோழிக்குத் தண்ணி வச்சிருப்பாங்களா?" "ம்." இதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் ஆறரைக்கு அக்கா போன்.

"ஏத்தா செல்வி, ஒம் மாடு ஒத்தச் சொட்டு விடலத்தா. ஒதச்ச ஒதையில செம்பு அங்கன போயிக் கெடக்கு."

"சேலையக் கட்டுனீகளாக்கா?"

"கட்டாமயா? என்னமா மணக்குது! நீ சாமி கும்புடுறப்பக் கட்டுற சேலையத் தூக்கிக் குடுத்திட்டியோன்னு நெனச்சேன்."

அப்போதுதான் உறைத்தது. எந்த வாடைக்காக அந்தச் சேலையோ, அந்த வாடையை நானே இரண்டு சோப்புப் போட்டுத் தேய்த்து வாய்க்காலில் விட்டிருக்கிறேன். அக்காவிடம் சொன்னேன். "அடி கிறுக்கச்சி" என்றார். கோபமாக இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

கன்றும் இல்லை, குடித்துத் தீர்க்க. காலையிலும் விடாவிட்டால் மடி கல்லாகிவிடும். போன வருஷம் மேலத்தெருவில் ஒரு மாட்டுக்கு மடி வீங்கி ஒரு காம்பே போய்விட்டது. கன்றைப் பறிகொடுத்துவிட்டு என்னை நம்பி நிற்கிறது. அதை விட்டுவிட்டு நான் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

இவர் சொன்னார்: "காலையில மொதப் பஸ்ஸு. போயிருவோம்."

"சரிங்க" என்றேன். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மாட்டுக்காகப் பாதி. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை கிடைத்ததை என் வீட்டுப் பவிசுக்காக நானே கெடுத்துக்கொண்டேனே என்று பாதி.

ஜூலை 9, புதன்

விடியும்போது ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, மூடுபனி. பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு மணிக்குப் போன். எடுக்கக் கை வரவில்லை, இவர்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"மூணு லிட்டரு!" அக்காவின் கத்தல்.

விஷயம் இது. விடிகாலையில் அக்கா செம்பை வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் புலம்பிக்கொண்டு நின்றிருக்கிறார். யாழினி தலையணையோடு எழுந்து வந்திருக்கிறாள். தலையணை உறைக்குள் கையை விட்டு என் நைட்டியை எடுத்திருக்கிறாள். நேற்றுக் கறந்துவிட்டு அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு வந்த அதே நைட்டி. நாங்கள் கிளம்பின கையோடு எடுத்து உறைக்குள் ஒளித்திருக்கிறாள், ராத்திரி வைத்துத் தூங்க. அக்காவுக்கும் தெரியாது.

"அழுதுக்கிட்டேதான் குடுத்தாத்தா. 'இது அம்மா வாசம் பெரியம்மா, செவலைக்குக் குடுங்க, பீச்சிட்டுத் திருப்பித் தரணும்'னா. நானும் பொறந்ததுலருந்து நைட்டி போட்டவளா? போட்டுக்கிட்டு உக்காந்தேன். நக்கிப் பாத்துச்சு. மூச்சு விட்டுச்சு. அப்பறம் தொறந்துவிட்ட கொழாதான்."

இவர் மூக்கை உறிஞ்சினார், சளி என்றார்.

யாழினியைக் கூப்பிடச் சொன்னேன். "கண்ணு, அம்மா இப்பவே கெளம்பி வாரேன்."

"இன்னைக்கு வேணாம். நாளைக்குன்னுதான சொன்ன? நாளைக்கு வா."

"ஏன் கண்ணு?"

"இன்னைக்குப் பெரியம்மா கோழிக் கொழம்பு வைக்குது. நீ வந்தா வைக்காது."

அக்கா போனைப் பிடுங்கி, "இரு. நாளைக்கு வந்தாப் போதும். மாட்டையும் பிள்ளையளையும் நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அக்காவைப் பற்றி இத்தனை வருஷமாக மனதுக்குள் என்னென்ன நினைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குடம் கழுவுவதைத் தவிர.

பையைப் பிரித்தோம்.

அதன் பிறகு நாள் முழுக்க நல்லதே. ஏரியில் மிதி படகு; இவர் முழங்கால் முகத்தில் இடிக்கிறது, ஆனாலும் என்னை மிதிக்க விடவில்லை. பேரிக்காய். சுட்ட சோளம். மழைத் தூறலில் ஒரு குடை, இவருடைய பாதித் தோள் நனைந்தது, நான் நனையவில்லை. பேச்சும் வந்தது. நான் இல்லாதபோது வயலில் தனியாகப் பாடுவாராம்! பாடச் சொன்னேன். மாட்டேன் என்றார். திரும்பும்போது பாடினார், மெதுவாக, குடைக்குள். குரல் சுமார்தான்.

"என்னத்தத் தந்தேன் ஒனக்கு" என்றார்.

"இதுதான்" என்றேன். சாமி சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

ஜூலை 10, வியாழன். வீடு

இறங்கும்போது வாந்தி இரண்டே தரம். மதுரை தாண்டினதும் அனல். சிவப்பு ஸ்வெட்டர் மடியில்.

நாலரைக்கு வீடு. கவின் ஓடி வந்து என்னைத் தாண்டிப் போய்ப் பையைத் திறந்தான். சாக்லேட். அக்கா நைட்டியோடு வாசலில். என் நைட்டி இல்லை, காலையில் ஆள் அனுப்பிச் சிக்கலில் வாங்கினதாம், பூப்போட்டது. "காத்தோட்டமா இருக்குத்தா. இத விட்டுட்டு இம்புட்டு வருசம் சேலையக் கட்டி அவிஞ்சிருக்கேன்." கட்டிப்பிடித்தேன். "சீ, பஸ்ஸு அழுக்கு" என்று தள்ளினார். ஆனால் கொஞ்சம் பொறுத்துத்தான் தள்ளினார்.

யாழினி கிட்டே வந்தாள். என் கழுத்தில் மூக்கை வைத்தாள். பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"என்ன கண்ணு?"

"வேற மாதிரி மணக்குற."

யூகலிப்டஸ் எண்ணெய், லாட்ஜ் சோப்பு, பஸ். அவள் மேல் தப்பில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு தூரமாகவே நின்றாள், விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி. இரண்டு ராத்திரி. இரண்டே ராத்திரி.

அழுதால் அவளும் அழுவாள் என்று செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். செவலை கையை நக்கினாள், தோளை நக்கினாள், தலையால் ஒரு முட்டு. உட்கார்ந்தேன். வேர்வை முதுகில் ஓடியது. வாலால் முகத்தில் ஒரு அடி. சாணி சேலையில். பால் நுரைத்துக்கொண்டு வந்தது.

திரும்பிப் பார்த்தால் யாழினி பின்னால் நிற்கிறாள். குனிந்து என் தோளில் மூக்கை வைத்தாள். நன்றாக இழுத்து ஒரு மூச்சு.

"வந்துட்ட" என்றாள்.

குளிக்க விடவில்லை. சாணிச் சேலையோடேயே என் இடது கை மேல் தூங்கிவிட்டாள். அக்கா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். கை மரத்துவிட்டது. எடுக்க மனசில்லை.