பிறை போட்ட பிளேட்

மார்ச் 4

அன்புள்ள அண்ணியாருக்கு,

இந்த மரியாதை என் அம்மாவுக்காக. எட்டிப் பார்த்தாள், முதல் வரியைப் படித்தாள், திருப்தியாகத் துணி மடிக்கப் போய்விட்டாள். இனி பழையபடி.

அடியே புள்ளி! உன் ஆராய்ச்சிப் பேப்பர் வந்ததை எனக்குச் சொல்லாமல் விட்டாயே, நீ உருப்படுவாயா?

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். பாப்பா மகாராணிக்கு ஏழு மாதம் ஆகிறது. கீழே விட்டால் அழுகை, மேலே தூக்கினால் வாந்தி. எடைதான் ஏறவே மாட்டேன் என்கிறது. டாக்டர் கொடுத்த எடை அட்டையில் கோடு படுத்தே கிடக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து என் எடை குறைந்ததுதான் மிச்சம்.

"இந்தக் காலத்துல யாராவது கடிதம் எழுதுவாங்களா?" என்று இவர் கேட்கிறார். இவருக்கென்ன தெரியும்? காலையில் நான், மாலையில் நீ என்று இரண்டு வருஷம் ஒரே லேபில் மாறி மாறி வேலை பார்த்தவர்கள் நாம். உன் முகத்தைப் பார்த்ததைவிட செல் வளர்க்கும் இன்குபேட்டர் மேல் நீ வைத்துவிட்டுப் போன சீட்டைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். "செல் எல்லாம் நல்லா இருக்கு. நீதான் டிபன் பாக்ஸ் கழுவாம போயிட்ட, மூதேவி." அந்தச் சீட்டுக்காகத்தானே உன்னை எங்கள் வீட்டுக்கே மருமகளாகக் கொண்டுவந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் ஒரு துண்டுப் பிரசுரத்தை மேஜையில் தள்ளினார். "புது ஆராய்ச்சிம்மா. இந்தச் சொட்டு குடலோட உள்பக்கத்தையே சரி பண்ணுதாம். அந்த ஸ்பெஷல் பவுடர் பாலை நிறுத்திட்டு, இதைக் கொடுத்துப் பாருங்க" என்றார். அதிலிருந்த படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் பத்திரிகையின் பெயர், அதற்கும் கீழே உன் பெயர்! அந்த அறையே அதிரும்படி "டாக்டர், இது எங்க அண்ணி!" என்று கத்திவிட்டேன். "அப்போ நான் சொல்லவே வேண்டியதில்லையே" என்று சிரித்தார்.

அந்தப் பிரசுரம் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. மகாராணிக்குச் சொட்டு கொடுக்கும்போதெல்லாம் "பாரு, உங்க அத்தை மருந்து" என்று காட்டுகிறேன்.

முழுக் கட்டுரையையும் அனுப்பு. இணையத்தில் திறந்தால் காசு கேட்கிறான். அண்ணி எழுதியதைப் படிக்க நாத்தனாருக்கே கட்டணமாம், நல்ல உலகம்.

அண்ணனுக்கு வேலை கிடைத்ததா? கேட்டால் மழுப்புகிறான். நீயாவது சொல்லு.

உன்,
பிறை

*

மார்ச் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தையின் உடம்பு எப்படி இருக்கிறது? உன் அண்ணனுக்கு இரண்டு இடத்தில் நேர்முகம் முடிந்திருக்கிறது, பதில் வரவில்லை. அதுவரை என் சம்பளத்தில் ஓடுகிறது. கவலைப்படாதே.

பேப்பரைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. எல்லாம் அவசர வேலை. முன்பெல்லாம் ஒரு வருஷம் இழுத்தடிப்பார்கள். இந்தப் பத்திரிகை இருபதே நாளில் ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் அனுப்பிய அறிக்கையைப் படித்தால் ஆள் எழுதியதா, மெஷின் எழுதியதா என்றே தெரியவில்லை. எல்லா வாக்கியமும் ஒரே மாதிரி பாராட்டு. படங்களைச் சோதிக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். அதுவும் சரி என்று சொல்லிவிட்டது.

ஒன்று சொல்கிறேன், காரணம் கேட்காதே. பாப்பாவுக்கு அந்தச் சொட்டை நிறுத்திவிடு. பழைய பவுடர் பாலையே கொடு. டாக்டர் என்ன சொன்னாலும் சரி. இதெல்லாம் இன்னும் பிளேட்டில் வளரும் செல்லோடு நிற்கிற ஆராய்ச்சி. கம்பெனிக்காரர்கள் அதற்குள் விற்க ஓடிவிட்டார்கள்.

கட்டுரையைப் பிறகு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 27

அண்ணி,

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தபோது நான் சிரித்தேன். "எங்க அண்ணி பயந்தாங்கொள்ளி, தான் செஞ்ச மருந்தையே நம்ப மாட்டா" என்று இவரிடம் சொன்னேன். சொட்டை நிறுத்தவில்லை. நீ அடக்கத்துக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை மகாராணியை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அவள் எட்டி அந்தப் பிரசுரத்தைப் பிடித்து இழுத்தாள். ஒரு காந்தம் தெறித்துப் போய்விட்டது, மற்றொன்றில் தாள் பக்கவாட்டில் தொங்கியது. அதை நேராக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இரண்டு பிளேட் படம். இடப்பக்கம் நஞ்சு ஊற்றிய செல், வெறிச்சோடிக் கிடக்கிறது. வலப்பக்கம் நஞ்சுக்குப் பிறகு மருந்து ஊற்றியது, செல் எல்லாம் பிழைத்து நிறைந்திருக்கிறது. மூன்று வாரமாகத் தினமும் பார்த்த படம். தாள் சாய்ந்தபோதுதான் அந்த வலப்பக்கப் பிளேட் எனக்கு நேராகத் தெரிந்தது. நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு கீறல், மீன்முள் மாதிரி. ஓரத்தில், படத்தை வெட்டியும் முழுசாகப் போகாமல், வளைவாக ஒரு நிழல்.

அது என் பிளேட்.

என் கை தவறி, உறிஞ்சுகுழாய் முனை கீறிய பிளேட். "போச்சு போ, சித்திரம் வரைஞ்சுட்ட" என்று நீ சீட்டு எழுதி வைத்தாயே, அது. அந்த வளைவு என் நகப்பாலிஷ். மார்க்கர் மை ஸ்பிரிட் பட்டால் அழிகிறதென்று புரொபசருக்குத் தெரியாமல் நாம் நகப்பாலிஷ் வாங்கிவந்தோம். ஒன்றும் ஊற்றாத பிளேட் எல்லாம் என் பொறுப்பு, அதற்கு ஒரு பிறை. மருந்து ஊற்றியதெல்லாம் உன் பொறுப்பு, அதற்கு இரண்டு புள்ளி. அதிலிருந்துதானே நீ புள்ளி, நான் பிறை?

அந்தப் பிளேட்டில் நஞ்சும் ஊற்றவில்லை, மருந்தும் ஊற்றவில்லை. சும்மா வளர்ந்த செல். அதை ஒரு திருப்பு திருப்பி, மருந்து பிழைக்கவைத்த செல் என்று போட்டிருக்கிறது.

ஏதோ தப்பாக மாறிவிட்டது என்று சொல்லு. ஃபோல்டர் குழப்பம் என்று சொல்லு, நம்புகிறேன். தொலைபேசியில் கூப்பிட்டேன், அண்ணன் எடுத்தான், அவனிடம் எதைச் சொல்வது? "உன் பொண்டாட்டி குளிக்கிறாளா? சரி, பாப்பா நல்லா இருக்கா" என்று வைத்துவிட்டேன்.

பாப்பா நல்லா இல்லை. நேற்றே சொட்டைக் கொட்டிவிட்டு எடை பார்க்கத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முந்நூறு கிராம் குறைந்திருக்கிறது. பவுடர் பாலை நிறுத்தியதுதான் காரணமென்று சொன்ன டாக்டரின் முகம் சுருங்கிப்போயிற்று.

உடனே எழுது.

பிறை

*

ஏப்ரல் 8

பிறை,

நாலு தாளைக் கிழித்துவிட்டேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தப்பாக மாறவில்லை. நான்தான் மாற்றினேன்.

மதிப்பீட்டாளர் இன்னும் ஒரு படம் வேண்டும் என்றார். பத்து நாள் கெடு. என் பிளேட்டில் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. புரொபசர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "எல்லாப் பேரும் எப்படியோ முடிக்கிறாங்க, உனக்கு மட்டும் ஏன் முடியலை?" என்று கேட்டார். அந்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது, உன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். பழைய கணினியில் உன் ஃபோல்டர் அப்படியே இருந்தது. இப்போதைக்கு இதை வைப்போம், நல்ல படம் வந்ததும் மாற்றிவிடுவோம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு ஆறு முறை செய்து பார்த்தேன். ஆறு முறையும் செல் செத்துப்போயிற்று. மருந்து ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் பேப்பர் வந்துவிட்டது, கம்பெனி வந்துவிட்டது, என் ஒப்பந்தமும் நீண்டுவிட்டது.

அந்த மென்பொருள், அச்சில் வந்த படங்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். உன் படம் எங்கும் வரவே இல்லை. இந்த உலகத்தில் அதை அடையாளம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். உன் வீட்டு ஃப்ரிட்ஜில் போய் அது உட்காரும் என்று யார் கண்டது?

ஆறு மாதம் கொடு. உன் அண்ணனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும். நானே எழுதிப் பேப்பரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவனுக்கு எதுவும் தெரியாது.

உன் பாப்பாவுக்குக் கொடுக்காதே என்று நான் முதலிலேயே எழுதினேனே. அதையாவது நினைத்துப் பார்.

*

ஏப்ரல் 17

அண்ணி,

கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். என்ன போடுவதென்று உனக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

நினைத்துப் பார்த்தேன். கடிதம் வந்த நாளிலிருந்து அதையேதான் நினைக்கிறேன். என் பாப்பாவுக்குக் கொடுக்காதே என்று எழுதினாய். நேற்று எடை பார்க்கப் போனபோது என் பக்கத்தில் ஒரு பெண். கைக்குழந்தை, என் மகாராணியைவிடச் சின்னது, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. மடியில் அந்தச் சொட்டு பாட்டில். "புதுசாம்க்கா, ரொம்ப நல்லதாம்" என்று என்னிடமே காட்டுகிறாள். அவளுக்குக் கடிதம் எழுத அண்ணி இருக்கிறாளா?

"கொடுக்காதீங்க" என்றேன். "ஏன், டாக்டரா நீங்க?" என்று கேட்டாள். என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல? எங்கள் அண்ணி திருட்டுத்தனம் பண்ணிவிட்டாள் என்றா?

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். பழைய பென்டிரைவ் கிடைத்தது. அந்தப் படம் தேதியோடு, கீறலோடு அப்படியே இருக்கிறது. பத்திரிகை ஆசிரியருக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். ஆறு மாதத்தில் மகாராணி நடக்கவே ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பெண்ணின் குழந்தைக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

உன்னிடம் சொல்லாமல் செய்திருக்கலாம். அது நம் பழக்கம் இல்லை. வேலை முடித்து எழும்போது சீட்டு வைத்துவிட்டுப் போவதுதான் பழக்கம். இது அந்தச் சீட்டு.

அண்ணனிடம் நீயே சொல்லு. நான் சொன்னால் அவன் என்னை மன்னிப்பான், உன்னை மன்னிக்க மாட்டான்.

பிறை

*

மே 21

அண்ணி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அண்ணனும் தொலைபேசியை எடுப்பதில்லை. அம்மா "ஏன்டி, உங்களுக்குள்ள என்ன ஆச்சு?" என்று நாலுமுறை கேட்டுவிட்டாள். "ஒன்னுமில்லம்மா, வேலை ஜாஸ்தி" என்கிறேன்.

ஆசிரியரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. படம் என்னுடையதுதான் என்று ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் புரொபசர் விளக்கம் கொடுத்திருக்கிறார். பழைய படம்தான், ஆனாலும் அதுவும் மருந்து ஊற்றிய பிளேட்தான். தேதி மட்டும் மாறிவிட்டது, ஒரு திருத்தம் போட்டால் போதும் என்று. மருந்து ஊற்றவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று என்னைக் கேட்கிறார்கள்.

என் நோட்டை எடுத்தேன். பக்கம் பக்கமாகத் தேடினேன். தேதி இருக்கிறது, பிளேட் எண் இருக்கிறது. பிறை என்றால் என்ன, புள்ளி என்றால் என்ன என்று எங்கேயும் எழுதவில்லை. நகப்பாலிஷ் விஷயம் புரொபசருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று நாம்தான் எழுதாமல் விட்டோம். உன் சீட்டுகளையெல்லாம் வீடு மாறும்போது நான் தூக்கிப் போட்டுவிட்டேன், மக்கு.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், இந்த உலகத்தில் அந்தப் படத்தை அடையாளம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று. இப்போது அந்தக் குறிக்கு அர்த்தம் தெரிந்த இன்னொருத்தி நீ மட்டும்தான். உன் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பலாம், எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு முறை உறையில் போட்டு, இரண்டு முறை வெளியே எடுத்துவிட்டேன். அது நீ எனக்கு எழுதியது. அதை அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

ஜூன் பத்தாம் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள். அதுவரை காத்திருக்கிறேன். அதன் பிறகு கை வருமா, வராதா தெரியாது. வரவழைத்துக்கொள்வேன் என்று நினைக்கிறேன்.

பிறை

*

ஜூன் 3

பிறை,

உனக்கு இனிமேல் எழுதுவதே இல்லை என்றுதான் இருந்தேன். அதைச் சொல்லக்கூட எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

இன்று காலை லேபுக்குப் போனேன். யாரும் வரவில்லை. இன்குபேட்டர் மேல் ஒரு வெற்றுச் சீட்டு கிடந்தது, யாரோ விட்டுப்போனது. அதை எடுத்து எழுதினேன். எழுதியதைப் படம் பிடித்து ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒரு பிரதி:

"ஒரு பிறை போட்டது: நஞ்சும் மருந்தும் ஊற்றாதது. இரண்டு புள்ளி போட்டது: மருந்து ஊற்றியது. கட்டுரையில் உள்ள படம் பிறை போட்டது. அதைத் திருப்பி வைத்தவள் நான். அதற்குப் பிறகு ஆறு முறை செய்ததிலும் மருந்து வேலை செய்யவில்லை."

பத்து மணிக்குப் புரொபசர் வந்தார். பதினோரு மணிக்கு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். உனக்கும் எனக்கும் சண்டை, நீ கூப்பிட்டால் எடுக்காதே என்று மட்டும் சொல்லி வைத்திருந்த உன் அண்ணனிடம், வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். எழுந்துபோய்ச் சோறு வடித்தான். எனக்கு ஒரு தட்டு வைத்தான், அவன் சாப்பிடவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. போகுமா என்று தெரியவில்லை. நீ இப்போதைக்கு எழுத வேண்டாம். நான் படிக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும். ஒரு அட்டையில், வேறொன்றும் எழுதாமல், எண்ணை மட்டும் எழுதி அனுப்பு.

பாப்பா இப்போது எத்தனை கிலோ?

புள்ளி