மோல்மீன் மரத்தின் கண்டனூர் இலைகள்

கண்டனூர்,
2-5-1967

அன்புள்ள ஆரிபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் அருளால் நானும் நம் மகள் அஜீஸாவும் சுகம். மோல்மீனில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இங்கே எனக்கு ஒவ்வொரு நாளும் விடிகிறது. தை மாதம் நீ எழுதிய கடிதம் பங்குனியில் வந்தது. யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள். நீ பர்மியத்தில் என்னைத் திட்டியிருந்ததை எல்லாம் அந்த மனிதர் படித்திருப்பார். பாவம், அவர் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள்.

உன் பயண அனுமதிக்காக இங்கிருந்து நான் போட்ட மனுவுக்குப் பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறதாம். சென்ற வருஷமும் இதே வார்த்தைதான். யாரை நோவது? வெளிநாட்டான் கடை என்று சர்க்கார் பறித்துக்கொள்ளாமல் இருக்க உன்னைப் பர்மாப் பிரஜையாகப் பதிந்து, கடையை உன் பெயருக்கு மாற்றியது என் மூளைதானே. கடையும் போயிற்று. அந்தப் பிரஜைச் சீட்டு மட்டும் உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்றே மாதத்தில் நீயும் வந்துவிடுவாய் என்று கப்பலேறினேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது.

பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேர்க்குரு குறைந்திருக்கிறது. இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். என் அக்கா சைதுன் பீவிதான் அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி அனுப்புகிறார். அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அஜீஸாவை ஒரு நிமிஷம் கீழே விடுவதில்லை.

இனி உன் மரத்தைப் பற்றி. இதை எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது.

துறைமுகத்தில் அஜீஸாவின் பாவாடை முடிச்சில் நீ கட்டிவிட்ட நான்கு மயந்திக் கொட்டைகளில் ஒன்று மட்டும் பிழைத்ததல்லவா? அதை நான் காவல் பார்க்கும் செட்டியார் வீட்டின் பின்கட்டில் கிணற்றோரமாக வைத்திருந்தேன். இந்த ஊரில் யாரும் மயந்தி பார்த்ததில்லை. மாம்பழத்துக்குத் தங்கச்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே அடிக்கிற வெயில் உனக்குத் தெரியாது. காக்கை கூடப் பகலில் கிணற்றுச் சுவரை விட்டு நகராது. அதனால் கன்றுக்கு நாலு பக்கமும் கீற்றுக் கட்டி, மேலேயும் கீற்று வேய்ந்து, காலையும் மாலையும் இலை நனையத் தண்ணீர் தெளித்து வந்தேன். மரமும் ஏமாந்துபோய் அங்கே நம் வீட்டு வாசலில் விடுகிற மாதிரியே நீள நீளமாக, நுனியில் வாலோடு இலை விட்டது.

நம் வீட்டு மரத்தின் அளவுக்கு இலை பெரிதானதும் வந்துவிடுவேன் என்று நீ பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாய். அவள் அதை மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் இலையின் மேல் தன் கையை வைத்து அளந்து பார்ப்பாள். அந்த இலை சிறுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான் கீற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டில் பூமிநாதன் என்று ஒருவர் இருக்கிறார். காரைக்குடிக் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். ஒருநாள் பின்கட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, நீங்க மரத்தை வளக்கலை பாய், மோல்மீனை வளக்குறீக என்றார். ஓயாமல் மழை பெய்கிற ஊரில் இலை அகலமாக இருக்கும், தண்ணீர் தேங்காமல் வழிந்தோட நுனியில் வால் இருக்கும், இந்தச் செம்மண்ணில் அப்படி விரித்துக்கொண்டு நின்றால் உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் வெயிலுக்குத்தான் போகும் என்றார். வேம்பு இலையைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு சூட்டைக் கழிக்கிறதாம். சில மரங்கள் கோடையில் இலையே வேண்டாம் என்று உதிர்த்துவிடுகின்றனவாம். அப்படியானால் இந்த ஊர் அரசமரத்துக்கு எதற்கு அவ்வளவு நீள வால் என்று நான் மடக்கினேன். அவர் சிரித்தார். அது பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்தா இருக்கும், எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியும்னு நினைக்காதீக என்றார்.

கார்த்திகையிலிருந்து வாரம் ஒரு கீற்றாக எடுங்கள், மரம் மெள்ள மெள்ளப் பழகும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எடுக்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்து நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன்.

பங்குனியில் வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்காக வந்து இறங்கினார்கள். இந்த வீடுகள் அப்படித்தான், ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும், ஒரு கல்யாணம் என்றால் பந்திக்கு இருநூறு இலை விழும். பின்கட்டில் கோட்டை அடுப்பு வெட்டினார்கள். அதற்குப் பந்தல் போடக் கீற்று போதவில்லை என்று சமையல்காரர்கள் கன்றின் மேல் இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். அய்யா, அது என் பிள்ளையின் மரம் என்று சொல்லிப் பார்த்தேன். கல்யாண வீட்டில் காவல்காரன் பேச்சு யார் காதில் விழும்? மூன்று நாள். நான்காம் நாள் ஓர் இலை கூடப் பச்சையாக இல்லை. எல்லாம் அப்பளம் போலச் சுருண்டுவிட்டன.

அஜீஸா அழவில்லை. அம்மா இனி வரமாட்டாகளா அத்தா என்று மட்டும் கேட்டாள். வருவாள் என்றேன்.

தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருக்கிறது. துஆ செய்.

உன்,
அப்துல் ஹலீம்


கண்டனூர்,
20-11-1967

அன்புள்ள ஆரிபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இந்த வருஷமும் உன் மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். அழுதுகொண்டே எழுதியிருந்தால் நாலு பக்கம் வந்திருக்கும். அந்த ஒற்றை வரியைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்கிறாய். அவரை விட்டுவிட்டு நீ திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வர வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே நான் வரவும் வழி இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர்.

மரம் பிழைத்துவிட்டது. ஐப்பசி மழையில் துளிர்த்தது. கருநீலத்தில் துவண்டு தொங்கிய துளிரைப் பார்த்து, வாடுதுடா தம்பி என்று அக்கா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மயந்தித் துளிர் அப்படித்தான் தொங்கும், பிறகு நிமிரும் என்று நான் சொல்லி நிறுத்தினேன். நிமிர்ந்த பிறகு பார்த்தால் வேறு இலை. பழைய இலையில் பாதி நீளம்கூட இல்லை. தோல் போலத் தடிப்பு. நுனியில் வால் பேருக்குத்தான் இருக்கிறது. இரண்டை இத்துடன் வைத்திருக்கிறேன், வழியில் யாரும் எடுக்காமல் இருந்தால் உன் கைக்கு வரும்.

பூமிநாதன் வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். விரிந்து முற்றிய இலையை ஒன்றும் செய்ய முடியாது, அது நிழலுக்கென்று வந்தது, வெயில் பட்டால் கருகத்தான் செய்யும், வெயிலைப் பார்த்தபடி வருகிற புது இலைதான் இந்த ஊருக்கு ஏற்றபடி வரும் என்றார். மரத்தைப் பற்றித்தான் சொன்னார். எதற்கும் குடையை எடுக்காமல் வெளியே போகமுடியாத நாற்பத்திரண்டு வயதுக்காரன் நான். பிள்ளை வெறுங்காலோடு உச்சி வெயிலில் நேமத்தான்பட்டி வரை நடந்து கூட்டாளிகளோடு புளியங்காய் அடித்துக்கொண்டு வருகிறாள்.

அவளைக் கூட்டிப்போய்ப் புது இலையைக் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இது மோல்மீன் மரம் இல்லத்தா, அது அன்னைக்கே கருகிப் போச்சு, இது நம்ம ஊரு மரம் என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். அதே வேர், அதே தண்டு என்று அவள் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஆரிபா, சென்ற கடிதத்தில் உனக்கு ஒன்றை மறைத்தேன். உன் பர்மியக் கடிதங்களை நான்தான் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். அந்தப் பேச்சு அவளுக்குச் சுத்தமாகப் போய்விட்டது. உன் படத்தைக் கேட்டால் காட்டுகிறேன். இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது, ஆவணி மாதத்திலிருந்து அக்காவை அம்மா என்று கூப்பிடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தடவை கூப்பிட்டபோது அக்கா என்னைத்தான் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தாயில்லாமல் வளர்கிற பிள்ளை ஒருத்தியை அம்மா என்று கூப்பிட்டுச் சிரிக்கும்போது எப்படித் தடுப்பது? தடுக்காமல் விட்டதும் உனக்குச் செய்த துரோகம்தான். என்னை மன்னி. அக்காவைத் தப்பாக நினைக்காதே. ஒவ்வொரு தொழுகையிலும் நீ வந்து சேர வேண்டும் என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான், எனக்குக் கூட இப்போது சில நேரம் கேட்க மறந்துவிடுகிறது.

நேற்று உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் அஜீஸா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மோல்மீன்ல இருந்து அவுக வந்தா, அவுகள நான் என்னன்னு கூப்பிடணும் அத்தா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நீ வரும்போது மரியாதைக் குறைவாகிவிடக் கூடாதே என்ற கவலையில் கேட்கிறாள்.

அவளிடம் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. உனக்குத் தமிழ் வாசிக்க மட்டுமல்ல, எழுதவும் கொஞ்சம் வருமே, எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. அவள் பேருக்கே ஒரு கடிதம் போடு. என்ன கூப்பிட வேண்டும் என்று நீயே உன் கையால் எழுது. அவள் தானே வாசித்துக்கொள்ளட்டும்.

ரப்பு உன்னையும் உன் அம்மாவையும் காக்கட்டும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அப்துல் ஹலீம்